எலுமிச்சம்பழமும் மூன்றாவது ஓலையும்

உங்களுக்குப் பயிற்சிப் பள்ளியில் குளியல் துண்டை அன்னப்பறவையாக மடிக்கச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். குரங்காகவும் மடிப்பீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். இருபது வருடத்துக்கு மேல் பயணிகள் கப்பல்களில் வேலை பார்த்த எனக்கு அன்னம் கடைசிவரை வரவில்லை. நான் மடித்ததெல்லாம் துவைக்கப் போட்ட துண்டு மாதிரியே இருந்தது. அதனால்தான் என்னை அறைகளிலிருந்து நகர்த்தி வரவேற்பு மேசைக்கு அனுப்பினார்கள். போகப்போக, ‘பயணியர் தொடர்பு அதிகாரி’ என்று பட்டமும் கொடுத்தார்கள். பயணி கத்தும்போது எதிரே நிற்பவர் என்று பொருள்.

முழங்கால் தேய்ந்து, அறுபதுக்கு வெகு முன்னாலேயே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். “புதுசா கப்பலேறப் போற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதுங்க சார்” என்று உங்கள் பள்ளியில் கேட்டார்கள். அன்னத்தைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆகவே, அறைக்குள் பார்த்ததை அறைக்குள்ளேயே விட்டுவிட்டு வருவதைப் பற்றி எழுதுகிறேன். 

இதில் ஒரு பயணி வருகிறார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். ஊரைச் சொல்ல மாட்டேன். எந்தத் தளத்தில் எந்த அறை என்பதையும் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். தாராளமாக எழுதுங்கள், ஒரே நிபந்தனை, வாந்தியின் அளவைக் குறைத்துச் சொல்லவேண்டும் என்றார். குறைத்திருக்கிறேன்.

சென்னையில் கிளம்பி இலங்கைத் துறைமுகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பயணம் அது. கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியே வந்து, ஒரு காபி குடிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. முகம் வெளுத்த இளைஞர் ஒருவர் என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சார், கப்பலைக் கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்ல முடியுமா?”

“சொல்லிப் பார்க்கிறேன் சார்” என்றேன். ‘முடியாது’ என்பதற்கு நான் கண்டுபிடித்த மிகப் பணிவான சொல் அது. பிறகு அவரைக் கப்பல் டாக்டரிடம் அனுப்பினேன். மாத்திரையோடு திரும்பி வந்தவர், கேட்காமலே தன் கதையைச் சொன்னார்.

தாத்தா காலம்வரை கடற்கரைக் குடும்பம். பெயரைக் கேட்டாலே முத்துக் குளித்த வம்சம் என்று தெரிந்துவிடும். ஆனால் இவர் பிறந்து வளர்ந்தது கடலே இல்லாத ஊரில். அதுவரை இவர் பார்த்த பெரிய அலை, மழைத்தண்ணீர் தேங்கிய தெருவில் டவுன் பஸ் போனபோது எழுந்ததுதான். பெண் எடுப்பதோ தூத்துக்குடியில், தோணி வைத்திருக்கும் வீட்டில். பெரிய மரத்தோணிகள், மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் கொண்டுபோகிறவை. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு மறுநாள் மருமகனைத் தோணியில் ஏற்றி, அதில்தான் விருந்து வைப்பார்கள். நிச்சயத்தன்று பெண்ணின் அப்பா, “கடல் ஒத்துக்கிடுமா மாப்ள?” என்று கேட்டிருக்கிறார். கூடம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளை மார்பை நிமிர்த்தி, “நம்ம ரத்தத்துல உள்ளதுதானே மாமா” என்று சொல்லிவிட்டார்.

ரத்தத்தில் இருந்தது. வயிற்றில் இல்லை.

ஆகவே கல்யாணத்துக்குள் யாருக்கும் தெரியாமல் கடலைப் பழகிக்கொள்வது என்று முடிவு செய்து டிக்கெட் எடுத்திருந்தார். பெண்ணிடம், ஆபீஸ் வேலையாக மும்பை போகிறேன் என்று சொல்லியிருந்தார். தூத்துக்குடிப் பக்கமே போகாத பயணமாகப் பார்த்துத்தான் பதிவு செய்தாராம்.

“இது யாருக்கும் தெரியக்கூடாது சார்.”

“இந்த மேசைக்கு வந்த பேச்சு இந்த மேசையோடு சரி” என்றேன். வரவேற்பில் நிற்கிற எல்லோரும் சொல்லும் வசனம்தான். அதை நிரூபிக்கச் சொல்லி என்னை ஒருவர் நிறுத்துவார் என்று அப்போது நினைக்கவில்லை.

வழியில் காற்று பிடித்துக்கொண்டது. இலங்கையின் கடைசித் துறைமுகத்துக்குள் போக முடியாமல், கப்பலைத் தூத்துக்குடிக்குத் திருப்பினார்கள். உப்பளம், மக்ரூன், பழைய மாதா கோயில் என்று ஒலிபெருக்கியில் உற்சாகமாக அறிவித்தவன் நான்தான். ஓர் அறையில் மட்டும் அந்த அறிவிப்பைக் கேட்டு ஒருவர் போர்வைக்குள் குறுகிப் படுத்துக்கொண்டார்.

காலையில் கப்பலைக் கட்டி முடிப்பதற்குள், துறைமுக வாசலிலிருந்து காவலர் போன் செய்தார். “உங்க பயணி ஒருத்தரப் பாக்கணும்னு ஒரு பெரியவர் நிக்காரு சார். போகச் சொன்னாலும் போகமாட்டேங்காரு.”

போனேன். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். இரண்டும் அடித்துக்கொண்டிருந்தன, இரண்டையும் அவர் எடுக்கவில்லை.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“உடன்குடி, அண்ணாச்சி.”

“அப்ப நம்ம புள்ள. நேராவே கேக்கேன். என் மகளுக்குப் பாத்திருக்க மாப்ள உங்க கப்பல்ல இருக்கானா?” பெயரைச் சொன்னார்.

“பயணிகளப் பத்தி எதுவும் சொல்றதுக்கில்ல அண்ணாச்சி.”

“அப்ப இருக்கான்.”

“நான் அப்பிடிச் சொல்லல.”

“இல்லன்னும் சொல்லலேல்லா?”

“இருந்தாலும் இதத்தான் சொல்லுவேன், இல்லாட்டாலும் இதத்தான் சொல்லுவேன்.”

“இல்லாத ஒருத்தனுக்கு எதுக்குவே இவ்வளவு பேச்சு?”

உறுதிப்படுத்தவும் கூடாது, மறுக்கவும் கூடாது என்று உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் போட்டிருக்கும். சரியான விதி. ஆனால் அதை எழுதியவர் தூத்துக்குடிக்கு வந்ததில்லை. இங்கே வாயை மூடிக்கொண்டிருந்தால் ‘ஆமாம்’ என்று பொருள். ‘இல்லை’ என்று சொன்னால் ‘சத்தியமாக ஆமாம்’ என்று பொருள்.

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். “மும்பைக்குப் போறேன்னு சொன்னவன் கப்பல்ல வாரான். சரி, வரட்டும். கூட ஒரு பொம்பள இருக்காளாமே. அதுவும் முழுகாம இருக்காளாமே!”

என்னையறியாமல் கேட்டுவிட்டேன். “யாரு சொன்னா?”

“யாரு சொல்லல? கோயில்ல பாட்டுப் பாடுறவிய எல்லாரும் சொல்லுதாவ. உங்க கப்பல்ல அறை கூட்டுற எங்க தெருப் பையன் அவங்க அம்மைக்குப் போன் போட்டிருக்கான். ரெண்டு ஓலை வாசிச்சாச்சு தம்பி. வார ஞாயித்துக்கிழமை மூணாவது.”

கடற்கரைக்கு வெளியே உள்ளவர்களுக்காக: ஓலை என்பது மாதா கோயிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று வாசிப்பார்கள். இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சாமியாரிடம், அதாவது பாதிரியாரிடம், வந்து சொல்லவேண்டும், அது அவர்கள் கடமை என்பார்கள். மூன்றும் வாசித்தால் கல்யாணம். நடுவில் நின்றால், ஏன் நின்றது என்று அந்தப் பெண்ணைப் பற்றி ஊர் பத்து வருடம் பேசும்.

“சாயங்காலம் உங்க கப்பல் கிளம்புறதுக்குள்ள எனக்குத் தெரியணும். இல்லன்னா இன்னைக்கே கோயில்ல சொல்லி ஓலைய நிறுத்திடுவேன். என் மக காலைலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல.” அவர் கண் கலங்கியது. “நீ வாயத் தொறக்கவேண்டாம். அவன் தனியா வந்திருக்கான்னா தலைய மட்டும் ஆட்டு.”

ஒரு தலையாட்டலில் முடிந்துபோகிற விஷயம். கழுத்து வலிக்கும் அளவுக்கு ஆட்டாமல் நின்றேன். பிறகு, “இங்கனயே இருங்க அண்ணாச்சி” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கப்பலுக்கு ஓடினேன். ஓடினேன் என்பது முழங்காலின் மரியாதைக்காக.

அறைப் பணியாளனை லூர்து என்று வைத்துக்கொள்வோம். அது அவன் பெயரல்ல. நல்ல வேலைக்காரன். அவன் மடித்த அன்னம் பறந்துவிடும் போலிருக்கும்.

“முத ஓலை வாசிக்கும்போது நான் கோயில்ல இருந்தேன் சார். மாப்ள பேரு, அப்பா பேரு எல்லாம் கேட்டேன். கப்பலேறிப் பாத்தா, நான் கூட்டுற அறையிலயே அவரு!”

“சரி. கூட இருந்த பெண்ணைப் பாத்தியா?”

“பாக்கலயே சார்! அதான் விஷயம். மறைச்சு வச்சிருக்காரு.”

“பாக்காம எப்படித் தெரியும்?”

லூர்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். “காலைல போனா குளியலறைக் கதவு சாத்தியிருக்கு. உள்ள ஒரே ஓங்கரிப்பு. ‘ஏதாவது வேணுமா மேடம்’னு கேட்டேன். பதிலே இல்ல. எலுமிச்சம்பழம் வேணும்னு போன் வருது. மறுநாளும் வருது. குப்பைக் கூடையில நாரத்தங்கா ஊறுகாப் பொட்டலம். சாப்பாடு வேண்டாம், காஞ்ச ரொட்டி போதும்ங்காரு. நான் மூணு தங்கச்சிக்கும் பாத்தவன் சார். என் பொஞ்சாதிக்கும் பாத்தவன். இதுக்கு மேல டாக்டரா வந்து சொல்லணும்?”

“கப்பல்ல ஒரு ஆம்பளைக்கு ஓங்கரிப்பு வராதா?” என்று பொதுவாகக் கேட்டேன்.

சிரித்தான். “வெளியூர்க்காரனுக்கு வரும் சார். இவரு பேரப் பாத்தியளா? நம்ம கடக்கரை ஆளு. நம்மாளுக்கு எப்பிடி சார் வரும்?”

வேறு எந்த ஊர்க்காரன் அந்த அறையைக் கூட்டியிருந்தாலும், பாவம், கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போயிருப்பான். இவன் மனதில் கடற்கரைக்காரன் கப்பலில் வாந்தி எடுப்பதற்கு இடமே இல்லை. அதைவிடக் கட்டிலுக்கடியில் ஒரு கர்ப்பிணி இருப்பதுதான் நம்பும்படியாக இருந்தது.

“ஊரெல்லாம் சொல்லியிருக்கியே, லூர்து.”

“ஐயோ, அம்மாட்ட மட்டுந்தான் சார்! சாமியார்ட்ட போய்ச் சொல்லுன்னேன். தெரிஞ்சும் சொல்லாம இருந்தா பாவம்லா?”

“அம்மா சாமியார்ட்ட சொன்னாங்களா?”

“சாமியார் தியானத்துக்கு வெளியூர் போயிட்டாராம்.” தலையைச் சொறிந்தான். “அதனால பாட்டுக்குழுவுல சொல்லியிருக்கு.”

கப்பலின் அறைகளையும் சாப்பாட்டையும் கவனிக்கும் எங்கள் ஹோட்டல் மேனேஜர் ஓர் அம்மாள். பேச்சைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். நான் விஷயத்தைச் சொல்லி முடித்தபோது, தலைமை அலுவலகத்து வக்கீல் போனில் இருந்தார். மேடம் அவரை ஸ்பீக்கரில் போட்டார்.

பயணிக்கு எதையும் சொல்லவேண்டாம் என்றார் வக்கீல். சொன்னால் வழக்குப் போடுவார். பையன் வேலை நேரம் முடிந்த பிறகு, சொந்த போனில், சொந்த அம்மாவிடம் பேசியிருக்கிறான். அதற்கும் கம்பெனிக்கும் சம்பந்தமே இல்லை.

மேடம் கேட்டார்: “அறைச் சாவியைக் கொடுத்தது அவங்க அம்மாவா?”

மேடம் போனை வைத்துவிட்டார்.

இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களை ஓர் அந்நியர் தன் படுக்கையறைக்குள் விடுகிறார். உங்கள் முகத்தைப் பார்த்து அல்ல; சட்டையில் இருக்கும் கம்பெனி முத்திரையைப் பார்த்து. அங்கே நீங்கள் கண்டதை எந்த நேரத்தில், யாருடைய போனில், எவ்வளவு பக்தியோடு சொன்னாலும், சொன்னது கம்பெனிதான்.

அப்போது எனக்கு ஓர் அருமையான யோசனை வந்தது. அருமையான யோசனைகள் எனக்கு வருவது குறைவு என்பதால் உடனே சொல்லிவிட்டேன். “மேடம், நான் வாசலுக்குப் போய் அந்தப் பெரியவர்கிட்ட, பொம்பளையும் இல்ல ஒண்ணும் இல்ல, வெறும் வாந்திதான்னு சொல்லிடறேன். உண்மைதானே? கல்யாணமும் நிக்காது, வழக்கும் வராது. எல்லாருக்கும் நல்லது.”

“வாந்தி யாரோடது?” என்றார் மேடம்.

“அவரோடது.”

“அப்ப அவர்தான் சொல்லணும். போய் அவர்கிட்ட சொல்லு.”

கெட்ட எண்ணத்தோடு வாயைத் திறக்க உங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தைரியம் இருக்காது. நல்ல எண்ணம்தான் ஆபத்து. லூர்து ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றப் பேசினான். நானும் அதே கல்யாணத்தைக் காப்பாற்றத்தான் பேசப் பார்த்தேன். அவன் சொன்னது பொய், நான் சொல்லவிருந்தது உண்மை. அந்த மாப்பிள்ளையைப் பொறுத்தவரை, இரண்டில் உண்மையைத்தான் அவர் அதிகம் மறைக்க விரும்பினார்.

கதவைத் தட்டினேன். “எலுமிச்சம்பழமா? வெளியிலயே வச்சிடுங்க” என்றது ஒரு குரல். நான்தான் என்றதும் கதவு பாதி திறந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுதாகக் கேட்டுவிட்டு, “கர்ப்பிணியா?” என்றார். பிறகு, “எங்கே?” என்று அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“தப்பு எங்க ஆள் மேல சார். அதனால எங்க மேல. நீங்க புகார் எழுதணும், எழுதினா என் கையால வாங்கிக்கறேன். வாசல்ல நிக்கிறவங்ககிட்ட நாங்க ஒண்ணும் சொல்லல. நீங்க சொல்லச் சொல்லாம சொல்லவும் மாட்டோம்.”

கட்டிலில் உட்கார்ந்தார். “சார், ரெண்டுல எது சார் கேவலம்?”

“எந்த ரெண்டுல?”

“பொம்பள விஷயம்னா கோவப்படுவாங்க. வாந்தின்னா சிரிப்பாங்களே சார். தோணி வீடு சார் அது!”

அவர் உண்மையிலேயே நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். அதுவும் என் வேலை இல்லை. அவராகவே, அணைத்து வைத்திருந்த போனை எடுத்து உயிர்ப்பித்தார். அது அவர் கையில் விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. எல்லாம் ஒரே பெயரிலிருந்து வந்த அழைப்புகள். திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார்.

“என் செருப்பு எங்க சார்?”

வாசல்வரை அவரோடு நடந்தேன். நாட்கணக்கில் ஆடிய தளத்தில் இருந்தவருக்குத் தரை ஆடியது. விளக்குக் கம்பங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தார். சொல்லவேண்டியதை வழியெல்லாம் முணுமுணுத்து ஒத்திகை பார்த்தார், நல்ல வாக்கியங்கள்.

வாசலில் பெரியவர் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டி நின்றது. அப்போதுதான் வந்திறங்கிய பெண்ணிடம் அவர் இரைந்துகொண்டிருந்தார். “ஏளா, நீ எதுக்கு இங்கன வந்த? நான் பாத்துக்கிட மாட்டனா?”

“ஓலையில என் பேருந்தானப்பா இருக்கு” என்றாள் அவள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தாள். வீங்கிய கண்கள். குரல் மட்டும் ஆடவில்லை.

“யாரு அவ?”

மாப்பிள்ளை நல்ல வாக்கியங்களைச் சொல்ல வாயைத் திறந்தார். வாக்கியம் வரவில்லை. குறைத்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருப்பதால் இவ்வளவு மட்டும் சொல்கிறேன்: மாமனாரின் செருப்பு தப்பித்தது. என்னுடையது தப்பவில்லை.

கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, விளக்குக் கம்பத்தைப் பிடித்தபடி, “இதுதான்” என்றார்.

அதன் பிறகு விளக்கம் சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. தோணிக்குப் பயந்து கப்பலேறியது, எலுமிச்சம்பழம், நாரத்தங்காய் எல்லாம் வந்தன. பெண் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. ஸ்கூட்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

“மும்பைன்னு சொன்னிய.”

“சொன்னேன்.”

“பொம்பளன்னு கேட்டப்பகூட நான் முழுசா நம்பல. மும்பைன்னு சொன்னத நம்பினேன். அதுக்கு இருக்கு உங்களுக்கு.” பாட்டிலைத் திரும்ப வாங்கி, தானும் குடித்தாள். காலையிலிருந்து அவள் குடித்த முதல் தண்ணீர் அது என்று பெரியவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பெரியவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றார். சிரிப்பார் என்று மாப்பிள்ளை பயந்தாரே, அந்தச் சிரிப்பு வரவில்லை. என் தோளைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

“எம்புட்டுக் கேட்டேன், ஒரு வார்த்த சொல்லலியேவே நீ.”

“மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி.”

“அதுக்கில்ல. அப்ப உன்ட்ட சொல்லலாம்.” சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் காதுக்கருகில் குனிந்து ஒரு விஷயத்தைச் சொன்னார். முப்பது வருடமாக வீட்டில்கூடச் சொன்னதில்லை என்றார்.

மாப்பிள்ளை மிச்சப் பயணத்தை ரயிலில் முடித்துக்கொண்டார். பெட்டியை எடுக்கக் கப்பலுக்கு வந்தபோது புகாரை எழுதி என் கையில் கொடுத்தார். பையனை வேலையை விட்டு அனுப்பச் சொல்லவில்லை. அறைச் சாவியை மட்டும் அவனிடம் கொடுக்காதீர்கள் என்றார். கப்பலேறும் ஒவ்வொரு புதிய பணியாளருக்கும் இதைப் பற்றி வகுப்பு எடுக்கவேண்டும் என்றும் கேட்டிருந்தார். வக்கீல் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். மேடம் அதே சாவிக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் கம்பெனி தவறை ஒப்புக்கொண்டு, மாப்பிள்ளை சொன்னபடி அவருக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டது. லூர்துவைத் துணி வெளுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். தலையணை உறையைப் பார்த்தே எந்த அறையில் யார் அழுதார்கள் என்று சொல்லிவிடக்கூடியவன். சொல்வதில்லை இப்போது. வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தவன் அவன்தான்.

மூன்றாவது ஓலை அந்த ஞாயிற்றுக்கிழமையே வாசிக்கப்பட்டது. கல்யாணத்துக்கு நான் போக முடியவில்லை, கடலில் இருந்தேன். மறுநாள் தோணி விருந்தின் போட்டோவை மாப்பிள்ளை அனுப்பியிருந்தார். எல்லோரும் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தோணி கரையில் கட்டியபடியே நிற்கிறது. காற்று சரியில்லை, வெளியே போகவேண்டாம் என்று மாமாவே சொல்லிவிட்டார், எந்த மருமகனுக்கு விருந்து வைத்தாலும் அப்படித்தானாம் என்று கீழே எழுதியிருந்தார். போட்டோவில் தோணியின் கொடி துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் கட்டுரையை உங்களுக்கு அனுப்புவதற்கு முன் என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். கடைசிவரை படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அந்த அண்ணாச்சி காதுல என்ன சொன்னாவ?”

“அவர்ட்ட நான் அனுமதி வாங்கல. சொல்றதுக்கில்ல.”

கட்டுரையை மடித்து என்னிடம் நீட்டினாள்.

“அப்ப அவியளுக்கும் கடல் ஒத்துக்கிடாது.”

“நான் அப்பிடிச் சொல்லல” என்றேன்.